கோழிக்கும் நடை வேண்டும்!

சேலம், நாமக்கல் சமவெளியில் மனிதர்களைவிடக் கோழிகள் பல மடங்கு அதிகம். புதுச்சத்திரம், எருமப்பட்டி, மோகனூர், ராசிபுரம் என்று எந்தப் பக்கம் பஸ்சில் போனாலும் நீளமான கொட்டகைகள் கண்ணில் படும். உள்ளே வெள்ளைக் கோழிகள் வரிசை வரிசையாக நிற்கின்றன.

நிற்கின்றன என்பதுதான் சரியான சொல். அந்தக் கோழிகள் நடப்பது இல்லை. நடக்க இடம் இல்லை.

கூண்டில் ஏற்றிய நாள் முதல் கறிக்கு விற்கும் நாள் வரை, ஓர் ஆண்டுக்கு மேல், அதே கம்பியின் மேல் கோழி நிற்கிறது. மூக்குக்கு நேரே தீவனம் இருக்கிறது. தண்ணீர் இருக்கிறது. இட்ட முட்டை தானாக உருண்டு வெளியே வந்துவிடுகிறது. "இதைவிடச் சுகமான வாழ்வு உண்டா? கோழிக்கு என்ன குறை?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள்.

குறை வெளியே தெரிவது இல்லை. அது எலும்பில் இருக்கிறது. கல்லீரலில் இருக்கிறது. இரண்டுக்கும் சுமை தூக்குகிற ரத்தத்தில் இருக்கிறது. முட்டை இடுகிற கோழியின் ரத்தத்துக்கு உள்ள வேலை சாதாரண வேலை இல்லை. நடை இல்லாத உடம்பை வைத்துக்கொண்டு அந்த வேலையைச் செய்யச் சொல்வது கொடுமை, நாளடைவில் நஷ்டமும்கூட.

காபி டம்ளர் ரத்தம்

முட்டைக்கோழியின் எடை சுமார் ஒன்றரைக் கிலோ. அதன் உடம்பில் ஓடும் ரத்தம் ஒரு சின்னக் காபி டம்ளர் அளவுதான். சுமார் 100 மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். இதயமும் சிறியது, சில கிராம் எடை. ஆனாலும், மனிதனின் இதயத்தைப்போல அதற்கும் நான்கு அறைகள் உண்டு. மனித இதயம் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 72 தடவை துடிக்கிறது. கோழியின் இதயமோ 250, 300 தடவை துடிக்கும். பயந்தால் இன்னும் வேகம். உள்ள ரத்தம் எல்லாம் அரை நிமிடத்துக்குள் உடம்பைச் சுற்றி வந்துவிடும்.

ரத்தம் உடம்பைச் சுற்றி ஓடுகிறது என்று உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர் வில்லியம் ஹார்வி என்ற ஆங்கிலேய டாக்டர். அவருடைய புத்தகம் 1628-ம் ஆண்டு வெளிவந்தது. அவர் ஆராய்ந்த பொருள்களில் ஒன்று கோழி முட்டை! அடை வைத்த முட்டையை நாலைந்து நாளில் உடைத்துப் பார்த்தால், உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். அது துடிக்கும். அதுதான் குஞ்சின் இதயம். ரத்த ஓட்டத்தின் பாடத்தை மனிதன் படித்ததில் கோழிக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்த ஒரு டம்ளர் ரத்தம் என்ன சுமக்கிறது?

முதலாவது, முட்டை ஓடு. ஓடு என்பது பெரும்பாலும் சுண்ணாம்பு. ஒரு முட்டை ஓட்டில் சுமார் 2 கிராம் கால்சியம் இருக்கிறது. நல்ல உடல்வாகு உள்ள ஒரு மனிதருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய கால்சியம் 1 கிராம்தான். 60 கிலோ மனிதருக்கு 1 கிராம்; ஒன்றரைக் கிலோ கோழிக்கு 2 கிராம்!

ஒரு நேரத்தில் கோழியின் ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தை எடுத்து நிறுத்தால், ஒரு கிராமில் நாற்பதில் ஒரு பங்கு தேறும். ஓடு உருவாகிற நேரத்தில், ரத்தத்தில் உள்ள கால்சியம் அவ்வளவும் கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை ஓட்டுக்குப் போய்விடுகிறது. மறுபடியும் நிரம்ப வேண்டும். மறுபடியும் போய்விடும். ஏறக்குறைய 20 மணி நேரம் இப்படி நடக்கிறது. பெரும்பகுதி நடப்பது இரவில். பண்ணைக்காரர் தூங்குகிறார். கோழியும் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறது. ரத்தம் மட்டும் மூட்டை தூக்கிக்கொண்டே இருக்கிறது.

இரண்டாவது, மஞ்சள் கரு. அதில் உள்ள கொழுப்பைக் கல்லீரல் செய்கிறது. ரத்தம் அதை முட்டைப்பைக்குக் கொண்டுபோகிறது. முட்டை இடுகிற கோழியின் ரத்தத்தை ஒரு குழாயில் தெளியவைத்தால், மேலே நிற்கும் நீர் பால் கலந்ததுபோல் மங்கலாக இருக்கும். கொழுப்பு அவ்வளவு ஓடுகிறது. சேவலின் ரத்தத்தில் அப்படிக் காண முடியாது.

காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும். பண்ணையில் வளரும் லெகார்ன் வழிக் கோழி 300 முட்டைக்கு மேல் இடுகிறது. வேலையை இருபது மடங்கு ஆக்கிவிட்டோம். உடம்புக்குக் கொடுத்த இடத்தையோ குறைத்துவிட்டோம்.

மாவுக்கட்டுப் போட்ட கால்

இதயம் ரத்தத்தைத் தள்ளி அனுப்பும். காலுக்குப் போன ரத்தம் மேலே திரும்பி வர வேண்டாமா? அதற்குத் தசை உதவி செய்கிறது. நடக்கும்போது தசை சுருங்கி, பக்கத்தில் உள்ள ரத்தக் குழாயைப் பிழிந்துவிடுகிறது. ரத்தம் மேலே ஏறுகிறது. துணிக்கடையில் நாள் முழுவதும் நின்றுகொண்டே புடவை எடுத்துப் போடும் பெண்களுக்கு மாலையில் கால் வீங்குவதைப் பலர் பார்த்திருப்பார்கள். ஒரே இடத்தில் நிற்பதால் வருகிற வீக்கம் அது. அவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ம் ஆண்டு சட்டமே வந்தது. மனிதருக்கு உட்கார இடம் இல்லாமல் போயிற்று. கோழிக்கு நடக்க இடம் இல்லாமல் போயிற்று.

உழைக்கிற தசைக்கு ரத்தம் அதிகம் போகும் என்பதற்குச் சாட்சி சமையல் அறையிலேயே இருக்கிறது. கோழிக்கறியில் தொடை சற்றுக் கறுத்துச் சிவந்து இருக்கும். நெஞ்சுக்கறி வெளுத்து இருக்கும். கோழி காலால் நிற்கிறது, நடக்கிறது. சிறகைக் கொண்டு பறப்பது அபூர்வம். எனவே தொடைக்கு ரத்தக் குழாய்களும் அதிகம். பிராணவாயுவைச் சேர்த்து வைக்கும் சிவப்புப் பொருளும் அதிகம். மேய்ந்து திரிந்த நாட்டுக்கோழியின் தொடைக்கறி இன்னும் கெட்டியாக இருப்பதும் இதனால்தான்.

எலும்பின் கதை இதைவிட முக்கியம்.

கால் முறிந்தவருக்கு மாவுக்கட்டுப் போடுகிறார்கள். ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரித்தால், அந்தக் கால் மற்றக் காலைவிட மெலிந்து இருக்கும். உபயோகம் இல்லை, மெலிந்துவிட்டது. தசை மட்டும் மெலிவது இல்லை. எலும்பும் மெலிகிறது. விண்வெளிக்குப் போகும் வீரர்களுக்கும் இதே கதிதான். அங்கே உடம்பின் பாரம் காலில் விழுவது இல்லை. மாதத்துக்கு 100-ல் ஒரு பங்கு என்ற கணக்கில் அவர்களுடைய எலும்பு கரைகிறது. அதனால்தான் அவர்கள் அங்கே தினமும் மணிக்கணக்காக உடற்பயிற்சி செய்கிறார்கள்.

கூண்டுக்கோழியும் மாவுக்கட்டுப் போட்ட காலும் ஒன்று. கோழிக்குக் கூடுதலாக ஓர் ஆபத்தும் உண்டு. முட்டை இடத் தொடங்கும் வயதில், அதன் கால் எலும்புக்குள் ஒரு தனி எலும்பு வளரும். அது பாரம் தாங்குகிற எலும்பு இல்லை. சுண்ணாம்புச் சத்தைச் சேமித்து வைக்கிற பெட்டி. இரவில் வயிற்றில் தீவனம் தீர்ந்துபோனால், ரத்தம் இந்தப் பெட்டியைத் திறந்து சுண்ணாம்பை எடுத்து ஓட்டுக்குக் கொடுக்கும். பெட்டியில் எடுக்கும்போது, பாரம் தாங்கும் எலும்பும் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கப்படுகிறது. நடக்கிற கோழிக்கு அந்த அரிப்பு குறைவு. "இந்த எலும்பு வேண்டும், இதைக் கரைக்காதே" என்று ஒவ்வோர் அடியும் உடம்புக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நிற்கிற கோழிக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை.

எழுந்திருக்க முடியாத கோழி

இதனால் வருவது 'கூண்டுச் சோர்வு' நோய். நன்றாக முட்டை இட்டுக்கொண்டு இருந்த கோழி, ஒரு நாள் காலையில் எழுந்திருக்க முடியாமல் விழுந்து கிடக்கும். கண் தெளிவாக இருக்கும். பசி இருக்கும். கால் மட்டும் நிற்காது. தீவனத் தொட்டி அரை அடி தூரத்தில் இருக்கும், எட்டாது. தாகத்தால் சாகும். நோயின் பெயரிலேயே 'கூண்டு' இருக்கிறது. கோழிகளைக் கூண்டில் வைக்கத் தொடங்கிய பிறகுதான் இந்த நோய் பெரிதாகக் கண்ணில் பட்டது.

இதற்கு மருந்து என்ன? விழுந்த கோழியைத் தூக்கி வெளியே தரையில் விட வேண்டும். பக்கத்தில் தீவனமும் தண்ணீரும் வைக்க வேண்டும். எலும்பு முறியாமல் இருந்தால், பல கோழிகள் ஒரு வாரத்துக்குள் எழுந்து நடந்துவிடும்! கிளிஞ்சலும் சுண்ணாம்புக் கல்லும் தீவனத்தில் சரியாகச் சேர வேண்டும் என்பது உண்மை. ஆனால், தரைதான் பாதி வைத்தியம். இதைக் கோழி வைத்தியர்கள் அரை நூற்றாண்டுக்கு மேலாக அறிவார்கள். தரையில் விட்டால் பிழைக்கிறது என்று தெரிந்த பிறகும், விழுகிற வரை தரையைக் காட்டாமல் இருப்பது என்ன நியாயம்?

இன்னொரு நோய் கல்லீரல் கொழுப்பு. தின்கிற தீவனம் அதிகம். செலவாகிற சக்தி குறைவு. மிச்சம் கல்லீரலில் கொழுப்பாகப் படிகிறது. கல்லீரல் மஞ்சள் பூத்து, வெண்ணெய்போல் இளகிவிடுகிறது. வெயில் காலத்தில், முட்டை இட முக்கும்போது, அது கிழிந்துவிடுவது உண்டு. உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டும். காலையில் பார்த்தால், கொழுத்த கோழி ஒன்று கொண்டை வெளுத்துச் செத்துக் கிடக்கும். மந்தையிலேயே நல்ல சதைப்பிடிப்பான கோழியாக அது இருக்கும் என்பதுதான் வேடிக்கை. உட்கார்ந்தே வேலை செய்து, வயிறு பெருத்த மனிதர்களுக்கு டாக்டர் என்ன சொல்கிறார்? "காலையில் நாலு மைல் நடங்கள்" என்கிறார். கோழிக்கு அதைச் சொல்ல டாக்டர் இருந்தும், நடக்கத் தெரு இல்லை.

கறிக்கு விற்கும் நாளில் பாக்கிக் கணக்குத் தெரியும். இங்கிலாந்தில் 1989-ல் கிரெகரி, வில்கின்ஸ் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் முட்டை ஓய்ந்த கூண்டுக்கோழிகளைச் சோதித்தார்கள். கூண்டில் இருந்து பிடித்து, ஏற்றி, இறைச்சிக்கூடம் போய்ச் சேருவதற்குள் 100 கோழிக்கு 29 கோழியின் எலும்பு முறிந்து இருந்தது. முரட்டுத்தனமாகப் பிடித்ததும் காரணம்தான். ஆனால், திடமான எலும்பு அப்படி முறியாது.

வெயிலும் கொண்டையும்

சேலம், நாமக்கல் பக்கத்துச் சித்திரை வெயில் எப்படி என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியது இல்லை. கோழிக்கு வியர்வை கிடையாது. உடம்புச் சூடு சாதாரண நாளிலேயே 106, 107 டிகிரி இருக்கும். மனிதனுக்கு அது கடும் ஜுரம்!

சூட்டைத் தணிக்கக் கோழிக்கு உள்ள வழிகள் மூன்று நான்குதான். வாயைத் திறந்து இரைக்கும். கொண்டைக்கும் தாடிக்கும் காலுக்கும் ரத்தத்தை அதிகமாக அனுப்பி, அங்கே ஆறவைக்கும். சிறகை உடம்பில் இருந்து விலக்கித் தூக்கி, அடியில் காற்றுப் படவிடும். மண்ணில் குழி பறித்துப் படுக்கும். கொண்டை என்பது அழகுக்காக வைத்த கிரீடம் இல்லை. மோட்டாரில் தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டர் உண்டே, அதைப்போல ரத்தத்தை ஆறவைக்கிற கருவி.

நெருக்கமான கூண்டில் சிறகைத் தூக்க முடியாது. இரண்டு பக்கத்திலும் இன்னும் இரண்டு சூடான கோழிகள். மண் இல்லை. மிஞ்சியது இரைப்பு ஒன்றுதான். இரைத்து இரைத்து மூச்சு விடும்போது, கரியமில வாயு அளவுக்கு மேல் வெளியே போய்விடுகிறது. ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்புக் கல் உருவாக, சுண்ணாம்போடு அந்த வாயுவின் சத்தும் ரத்தத்தில் வேண்டும். அது குறைந்தால் ஓடு மெலியும். கோடையில் வாங்குகிற முட்டை கை பட்டாலே உடைகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள், இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் வானிலை ஆலோசனையைப் பண்ணைக்காரர்கள் தவறாமல் படிக்கிறார்கள். 'வெப்ப அயர்ச்சி' என்ற சொல் கோடைதோறும் அதில் வரும். கூரையில் தண்ணீர் தெளிக்கிறார்கள். பக்கத்தில் ஈரச் சாக்குத் தொங்கவிடுகிறார்கள். தீவனத்தைக் குளிர்ந்த வேளைக்கு மாற்றுகிறார்கள். பாடுபடாதவர்கள் என்று அவர்களைச் சொல்ல முடியாது.

கோழிக்குப் பயிற்சி வேண்டும் என்றால், உச்சி வெயிலில் ஓடவிட வேண்டும் என்று அர்த்தம் இல்லை. அப்படி ஓடினால் செத்துப்போகும். எந்த நேரத்தில் நடப்பது என்று கோழிக்கே தெரியும். கொங்கு நாட்டுக் கிராமத்தில் அம்மாயி விடியற்காலையில் பஞ்சாரத்தைத் தூக்கியதும், நாட்டுக்கோழி நேரே குப்பைமேட்டுக்கு ஓடும். ஒன்பது, பத்து மணி வரை கிளறும். உச்சியில் வேப்ப மர நிழலில் புழுதியில் புரண்டு கிடக்கும். வெயில் சாய்ந்ததும் மறுபடி மேயும். பயிற்சிக்கு வாத்தியார் தேவை இல்லை. இடம் கொடுத்தால் போதும்.

கூண்டு ஏன் வந்தது?

பண்ணைக்காரர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது எளிது. அது சரியும் இல்லை.

இந்தப் பூமி வானம் பார்த்த பூமி. மழை பொய்த்தால் சோளமும் கடலையும் பொய்க்கும். அப்படிப்பட்ட ஊரில் குடும்பங்களைத் தூக்கி நிறுத்தியவை இரண்டு. ஒன்று லாரி. மற்றொன்று முட்டை. முதலில் ஆழ்கூளத்தில், அதாவது தரையில் உமியும் கடலைத்தோலும் பரப்பி, கோழி வளர்த்தார்கள். கூளம் ஈரமானால் ரத்தக் கழிச்சல் வரும். குடற்புழு வரும். எச்சத்தில் முட்டை அழுக்காகும். ஒன்றை ஒன்று கொத்திக் கொல்லும். கூண்டு வந்ததும் எச்சம் கீழே விழுந்துவிட்டது. கழிச்சல் குறைந்தது. முட்டை சுத்தமாக வந்தது. ஒரே கொட்டகையில் பல மடங்கு கோழி வைக்க முடிந்தது. நடக்காத கோழி கொஞ்சம் குறைவாகவும் தின்றது. செலவில் பெரும்பகுதி தீவனம் என்று இருக்கும்போது, அந்தக் 'கொஞ்சம்' சின்ன விஷயம் அல்ல.

முட்டை விலை பண்ணைக்காரர் கையில் இல்லை. 1982-ல் ஏற்பட்ட தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு, நாமக்கல் மண்டலத்துக்கு விலை அறிவிக்கிறது. பத்துப் பைசா இறங்கினால் ஊரே பேசும். இந்த நிலையில், "கோழிக்கு இடம் கொடு" என்று வெறும் வாயால் சொன்னால் யார் கேட்பார்கள்?

இன்னும் ஒன்றையும் மறைக்கக் கூடாது. வெளிநாடுகளில் கூண்டை எடுத்துவிட்டு, அடுக்கடுக்கான மேடைகளில் கோழியைத் திரியவிட்ட பண்ணைகள் உண்டு. அங்கே காலும் சிறகும் பலமாயின. ஆனால், உயரத்தில் இருந்து குதிக்கும்போதும் மோதும்போதும் நெஞ்செலும்பு முறிவது அதிகமாயிற்று. கூண்டை உடைத்த அன்றே சொர்க்கம் வந்துவிடாது. உயரம் எவ்வளவு, ஏறுவதற்குப் படி எப்படி, எந்த இனம் என்று பார்த்துப் பார்த்துச் செய்ய வேண்டிய காரியம் இது.

எவ்வளவு இடம்?

இந்தியாவில் 1960-ம் ஆண்டிலேயே மிருகவதைத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. அதன் 11-வது பிரிவு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. ஒரு பிராணி நியாயமான அளவு அசைவதற்குப் போதுமான நீளம், அகலம், உயரம் இல்லாத கூண்டில் அதை அடைப்பது குற்றம். 2017 ஜூலையில் இந்தியச் சட்டக் கமிஷன் தன்னுடைய 269-வது அறிக்கையில், கோழிகளை வைத்திருப்பதற்குத் தனி விதிகள் வேண்டும் என்று மத்திய அரசுக்குச் சொன்னது. 2019-ல் மத்திய அரசு ஒரு வரைவை வெளியிட்டது. அதில் ஒரு கோழிக்கு 550 சதுர சென்டிமீட்டர் இடம் என்று இருந்தது.

550 என்றால் எவ்வளவு? மனுப் போடும் வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து அளந்து பாருங்கள். அது 620-க்கு மேல் வரும். தாளைவிடச் சின்ன இடம்!

இங்கிலாந்தில் மரியன் டாக்கின்ஸ் என்ற விஞ்ஞானி, ஹார்டி என்பவரோடு சேர்ந்து இதை அளந்தார். 1989-ல் வெளிவந்த கணக்கு அது. பழுப்பு நிறக் கோழி சும்மா நிற்பதற்கே சுமார் 475 சதுர சென்டிமீட்டர் வேண்டும். தரையைக் கிளற 850. திரும்புவதற்கு 1,270. சிறகை அடித்துக்கொள்ள 1,870. நம்முடைய லெகார்ன் அதைவிடச் சற்றுச் சிறிய கோழி. கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். கழித்தாலும் 550-ல் நிற்கலாம். பயிற்சி செய்ய முடியாது. ஐரோப்பிய நாடுகளின் கூட்டமைப்பு, பழைய மாதிரி வெறும் கூண்டை 2012 ஜனவரி 1 முதல் தடைசெய்துவிட்டது. அங்கே கூண்டு வைத்தால், கோழிக்கு 750 சதுர சென்டிமீட்டர் இடமும், உட்கார ஒரு குச்சியும், முட்டை இட மறைவும், கிளறக் கொஞ்சம் கூளமும் கொடுத்தே ஆக வேண்டும்.

அந்தக் குச்சி லேசான விஷயம் இல்லை. ஏறுவது, இறங்குவது, விரலால் இறுக்கிப் பிடிப்பது, ஆடாமல் நிற்பது எல்லாம் பயிற்சிதான். குச்சி வைத்த கூண்டில் வளரும் கோழிகளின் கால் எலும்பு வெறும் கூண்டுக்கோழியைவிடத் திடமாக இருப்பதைச் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள்.

பதினாறு வாரம்

நாமக்கல் கூண்டுகளை நாளைக் காலையில் கழற்றி எறிய முடியாது. கடன் வாங்கிப் போட்ட கம்பி அது. ஆனால், நாளையே தொடங்கக்கூடிய காரியம் ஒன்று உண்டு. குஞ்சுப் பருவத்தில் நடக்கவிடுவது.

எலும்பு கட்டப்படும் வயது அது. முட்டை தொடங்கிவிட்டால் பாரம் தாங்கும் எலும்பு புதிதாக வளர்வது அநேகமாக நின்றுவிடும். பிறகு செலவுதான், வரவு இல்லை. பெண் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே பாலும் ஓட்டமும் வேண்டும் என்று சொல்வதும் இதே கணக்குத்தான். கனடாவில் குவெல்ப் பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து, 2017-ல் முடிவை வெளியிட்டார்கள். குஞ்சிலே ஏறி இறங்கி ஓடி வளர்ந்த கோழிகளையும், கூண்டிலேயே வளர்ந்த கோழிகளையும் ஒப்பிட்டார்கள். ஓடி வளர்ந்த கோழிக்கு எலும்பு பலம் அதிகம். பிறகு கூண்டில் போட்டு, முட்டைக் காலம் முடிந்து பார்த்தபோதும் அந்த வித்தியாசம் மறையவில்லை!

ஒரு பண்ணைக்காரர் முட்டைக் கூண்டில் கை வைக்கவே வேண்டாம். குஞ்சுகளை முதல் பதினாறு வாரம் ஆழ்கூளத்தில் விட்டு, தாழ்வான குச்சிகள் நட்டு, ஏறி இறங்க வைத்தால் போதும். இன்றும் சிலர் குஞ்சைத் தரையில்தான் வளர்க்கிறார்கள். சிலர் முதல் நாளே கூண்டில் ஏற்றிவிடுகிறார்கள். தரையில் வளர்த்தால் கழிச்சலுக்குத் தடுப்பு மருந்து வேண்டும். கூளத்தைக் கிளறி உலர்த்த ஆள் வேண்டும். செலவு உண்டு. பிறகு விழுகிற கோழிகள் குறைந்தால், அந்தச் செலவில் ஒரு பங்கு திரும்பி வரும்.

மிச்சத்தை யார் தருவது? முட்டை தின்கிறவர்கள் தர வேண்டும். அவர்களில் மிகப் பெரிய வாடிக்கைக்காரர் தமிழ்நாடு அரசுதான். சத்துணவில் 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கியது. 2010 முதல் பள்ளி நடக்கும் ஐந்து நாளும் முட்டை. ஏழைப் பிள்ளைகளின் எலும்புக்கும் ரத்தத்துக்கும் வலு தர வந்த முட்டை அது. அதன் விலையை ஏற்றிப் பிள்ளையின் தட்டில் இருந்து முட்டையை எடுத்துவிடக் கூடாது. ஆனால், அரசு டெண்டர் விடும்போது ஒரு வரி சேர்க்கலாம். குஞ்சைத் தரையில் வளர்த்த பண்ணைக்கும், கூண்டில் குச்சி வைத்து அதிக இடம் கொடுத்த பண்ணைக்கும் முட்டைக்குச் சில பைசா கூடுதல். அந்தச் சில பைசாவுக்காகக் கொட்டகையையே மாற்றி அமைக்கக்கூடிய சுறுசுறுப்பு நாமக்கல்காரர்களுக்கு உண்டு. லாரிக்கு ஒரு விதி மாறினால், ஒரு மாதத்தில் பாடி கட்டும் முறையையே மாற்றிக் காட்டுகிற ஊர் அது.

வெளிநாட்டுக் கணக்கை அப்படியே நம்ப வேண்டாம் என்று பண்ணைக்காரர்கள் சொல்லலாம். நியாயம்தான். கனடாவில் சித்திரை வெயில் இல்லை. 1985-ல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி நாமக்கல்லிலேயே இருக்கிறது. ஒரே இனக் கோழி, ஒரே தீவனம், ஒரே கொட்டகை. ஒரு வரிசைக்கு இப்போதைய கூண்டு. ஒரு வரிசைக்குத் தரையில் வளர்ந்த குஞ்சு. ஒரு வரிசைக்கு அகலமான கூண்டும் குச்சியும். எத்தனை முட்டை உடைந்தது, எத்தனை கோழி விழுந்தது, சித்திரையில் எத்தனை செத்தது, எவ்வளவு தீவனம் தின்றது என்று ஒன்றரை ஆண்டு எண்ணிக்கொண்டு வந்து, கணக்கை ஊருக்கு முன்னால் வைக்கலாம். பண்ணைக்காரர்கள் சங்கம் கோழி கொடுக்கட்டும். அரசு செலவைக் கொடுக்கட்டும்.